சுமதி வீட்டுச் சுவருக்கு ஒரு விமானம்

கொழும்பு வெள்ளவத்தையில் முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். சண்டை இரண்டாம் நாளில்தான் வந்தது.

என் தங்கை சுமதி மதுரையிலிருந்து கலியாணமாகிக் கொழும்புக்குப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஆள் அப்படியே இருக்கிறாள், பேச்சுதான் முழுசாகக் கட்சி மாறிவிட்டது. "அக்கா, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?" என்று கேட்டபடியே, பதிலுக்குக் காத்திராமல் இடியப்பத்தின் மேல் ஊற்றினாள். தேங்காய்ப்பாலில் இத்தனை சாதுவாக ஒரு குழம்பு இருக்க முடியும் என்று மதுரையில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பக்கத்திலேயே அதற்கு நேர்மாறாகச் சிவக்கச் சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல். பதினான்கு இடியப்பம் சாப்பிட்டேன். எண்ணியது நானல்ல, அவள் கணவர் தவராசா.

"வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ மச்சாள்" என்றார்.

வெட்கமா, எனக்கா?

நான் வந்தது சாப்பிட அல்ல, படமெடுக்க. இவர்களுக்கு ஒரே மகள், ஆரணி. வயது இருபத்திரண்டு. இரத்மலானையில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். அந்த வாரம்தான் முதன்முறையாகப் பொழுது சாய்ந்த பிறகு தனியாகப் பறக்கப் போகிறாள். நானோ மதுரையில் இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவள். தாலி கட்டும் கையை நடுங்காமல் காட்டுவேன், அழுத கண்ணைச் சிரித்த கண்ணாக்குவேன் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. தவராசா போனில் கூப்பிட்டு, "பிள்ளை பறக்கிற படம் ஒண்டு நீங்கள்தான் எடுத்துத் தரவேணும் மச்சாள்" என்றதும் மூட்டையைக் கட்டிவிட்டேன்.

ஹாலில், சாமித் தட்டுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் பிரேம்கூடச் சொல்லிவைத்துவிட்டாராம், மூன்றடிக்கு இரண்டடி. இன்னும் எடுக்கவே எடுக்காத படத்துக்கு பிரேம்! இவ்வளவு அவசரம் ஏன் என்று அவரைத் தனியாக பால்கனிக்கு அழைத்துக் கேட்டேன்.

"பிள்ளை ஒண்டரை வருசமாப் பறக்கிறாள், மச்சாள். உங்கட தங்கச்சி ஒரு நாள்கூட அண்ணாந்து பாக்கேல்லை. பிளேன் சத்தம் கேட்டா உடன குசினிக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிடுவா. பிள்ளைக்கு அது பெரிய கவலை. ஒரு வடிவான படத்தைச் சுவரில மாட்டினா, நெடுகப் பாத்துப் பாத்துப் பயம் போயிடும் எண்டு நினைக்கிறன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கடல் பக்கமாக ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு போனது. சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்புறதுக்குள்ள அந்த ஆணியில படம் தொங்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள், புதன்கிழமை, ஆரணிக்குக் காலை வெயிலில் பயிற்சி. காலி வீதி என்கிற பெருஞ்சாலையைக் கடக்க, பாதசாரிகளுக்கான மஞ்சள் கோட்டின் ஓரமாக நின்றேன். இரண்டு பக்கமும் வண்டிகள் சடாரென்று நின்றுவிட்டன. பஸ்கூட நின்றது. ஏதோ விபத்து போலிருக்கிறது என்று நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கத்தினார். தவராசா என் கையைப் பிடித்து இழுத்தார். "உங்களுக்காகத்தான் நிக்கினம், மச்சாள். மகாராணி போறதெண்டாப் போகட்டாம், தனக்கு வேலை இருக்காம்." மதுரையில் எனக்காக ஒரு மாடுகூட நின்றதில்லை.

விமான நிலைய வேலிப் பக்கம் போகக் கூடாது. ஆனால் கடல் பக்கமிருந்து இறங்கி வரும் விமானம் ரயில் பாதையைத் தாண்டித்தான் ஓடுபாதைக்குப் போகிறது. அந்தக் கடற்கரையில் நின்று எடுத்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்று ஆரணியின் பயிற்சியாளரே இடம் சொல்லியிருந்தார். வெள்ளை நிறத்தில் குட்டி விமானம், முன்னால் ஒற்றை விசிறி. வந்தது, எடுத்தேன். ஆயிரத்தில் ஒரு நொடிதான் ஷட்டர் திறந்து மூடியது. கண்ணாடி போலப் படம். வாலிலிருந்த எழுத்து, சக்கரத்தின் திருகாணி, உள்ளே ஆரணியின் காதிலிருந்த கருவி, எல்லாம் துல்லியம். ஒரே கிளிக்கில் வேலை முடிந்தது என்று தோளைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சுமதி மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. இருபத்தைந்து வருஷக் கொழும்புத் தமிழ் ஒரு நொடியில் காணாமல்போய், பச்சை மதுரை வந்தது.

"அடியாத்தீ! என்னக்கா, ஃபேன் நின்னு போயிருக்கு! எம்புள்ள உள்ள இருக்கா, ஃபேன் நின்னு போயிருக்கு!"

"நிக்கலடி. சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. கேமரா வேகமா எடுத்துருச்சு, அதான் நின்ன மாதிரி..."

"கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? நிக்குது பாரு, கட்டை மாதிரி! இதைக் கொண்டாந்து சாமிக்கு எதுக்க மாட்டச் சொல்றியா? எடுத்துட்டுப் போ. இந்த வீட்டுச் சுவத்துல இது ஏறக் கூடாது."

போய் விளக்கேற்றிவிட்டு, அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் ஆரணி வந்து படத்தைப் பார்த்தாள். பாவம், சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "பெரியம்மா, கோவிக்காதேங்கோ. இது பறக்கிற மாதிரியே இல்லை. ஆரோ நூலில கட்டித் தூக்கிவிட்ட மாதிரிக் கிடக்கு."

மானம் போயிற்று. பயத்தைப் போக்க வந்தவள் பயத்துக்குச் சாட்சியைக் கையில் கொடுத்துவிட்டேன். இனி விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிற படம் வேண்டும், வேறெதுவும் அந்தச் சுவரில் ஏறாது. ஆரணிக்கு மிச்சமிருந்தது இரண்டே பறப்புகள். வியாழன், சனி. இரண்டும் சூரியன் விழுந்த பிறகு.

சுற்றுகிற விசிறி படத்தில் சுற்ற வேண்டுமென்றால் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். முப்பதில் ஒரு நொடி என்று வைத்தால் விசிறி அதற்குள் ஒரு முழு வட்டம் போட்டுவிடும். ஆனால் அந்த நேரத்தில் விமானமும் ஓடிவிடுமே! அதனால் கேமராவும் விமானத்தின் வேகத்திலேயே கூடத் திரும்ப வேண்டும். சரியாகத் திரும்பினால் விமானம் தெளிவாக விழும், பின்னாலிருக்கும் தென்னையும் வீடும் விளக்கும் மட்டும் கோடு கோடாக ஓடும். கொஞ்சம் பிசகினால் எல்லாமே கூழ். எனக்கு இது ஏட்டில் தெரியும். மாப்பிள்ளை எந்த ஊரில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிறார், செய்து பார்க்க?

வியாழக்கிழமை மாலை ரயிலில் கிளம்பினோம். அலுவலகம் விடும் நேரம். கதவில் திராட்சைக் குலை போல ஆட்கள். வலது பக்கம் கையை நீட்டினால் கடல் நனைக்கும் போல அத்தனை கிட்டத்தில் பாதை. நான் கடலைப் பார்த்துச் சொக்கி நின்றதில், இறங்க வேண்டிய இடத்தில் கதவை நெருங்கவே முடியவில்லை. இரண்டு பெண்கள் விலகி எனக்கு வழிவிடப் பார்த்தார்கள், அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. ஒருத்தி மற்றவளிடம் சிங்களத்தில் சொன்னதைத் தவராசா பிறகுதான் மொழிபெயர்த்தார். "இந்த அக்கா இறங்க வந்தவ இல்லை, காத்து வாங்க வந்தவ." அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பி, மணலில் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஆரணி போடவிருந்த, ஏறி வட்டமிட்டு இறங்கும் ஆறு சுற்றில் இரண்டு முடிந்துவிட்டது.

மிச்சம் நாலு சுற்று. நாலும் கூழ். ஒன்றில் விமானம் இரண்டாகத் தெரிந்தது. ஒன்றில் வால் மட்டும் இருந்தது. ஒன்றில் குறுக்கே ரயில் வந்தது. கடைசிப் படத்தை ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை என்று சொல்லி யாரிடமும் விற்கலாம். இருட்டில் தவராசா எனக்கு ஒரு இறால் வடை வாங்கிக் கொடுத்தார். இறால் முழுசாக, மீசையோடு, வடை மேல் படுத்திருந்தது. "பரவாயில்லை மச்சாள்" என்றார். அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வடையைத் தின்று அடக்கினேன்.

வெள்ளிக்கிழமை, பிரேம் தயார் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து தகவல் வந்தது. நானே போய் எடுத்து வருகிறேன் என்று பஸ் ஏறினேன். வீட்டில் சுமதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. புறக்கோட்டை நெரிசலை ஜன்னல் வழியாக மெதுவான ஷட்டரில் பிடித்துப் பழகுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருந்ததில், கொச்சிக்கடையில் இறங்கி மாற வேண்டியது தவறி, நடத்துநர் வந்து தட்டி எழுப்பாத குறையாக இறக்கிவிட்டார். வெயிலில் நடந்து போனேன். வழியில் ஒரு கடையில் பால் விடாத பிளேன்டியும் மீன் பணிஸ் என்கிற பன்னும். பணிஸுக்குள் மீனும் உருளைக்கிழங்கும் மிளகுமாக அடைத்திருக்கிறார்கள். இதை மதுரையில் ஒருத்தர் போட்டால் பேருந்து நிலையம் முழுக்க அவர் கையில்.

பிரேமுக்குக் கண்ணாடி மட்டும் இன்னும் போடவில்லை. அரை மணி இருங்கள் என்றார் கடைக்காரர். பக்கத்தில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. லாரி ஒன்றின் பக்கவாட்டில் ஒருவர் நீளமாகச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நஸீர் நானா, அதாவது நஸீர் அண்ணன், என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். என் வயதுதான் இருக்கும். அளவுகோல் இல்லை, நூல் இல்லை, வெறும் கை. பிரஷ் லாரியைத் தொடுவதற்கு ஓரடி முன்பே கை நகரத் தொடங்குகிறது. கோடு முடிந்து பிரஷ் எழும்பிய பிறகும் கை காற்றில் ஓரடி போய்த்தான் நிற்கிறது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மெடம் பாத்துட்டு ஈக்கிறீங்க? பிழையா?"

"கோடுதான் முடிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்குக் காத்துல இழுக்குறீங்க?"

"முடியிற எடத்துல கைய நிப்பாட்டினா பெயின்ட் அங்கேயே தேங்கிரும், நுனி தடிச்சிரும். கை போய்க்கிட்டே ஈக்கணும். பிரஷ் மட்டும்தான் எழும்பணும்" என்றார், அடுத்த கோட்டை இழுத்தபடியே.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் செய்வது என்ன? "ரெடி, அசையாதீங்க" என்று சொல்வேன். சொன்னதும் நானும் அசைய மாட்டேன். மூச்சைப் பிடிப்பேன், கை கல்லாகும், கிளிக். மணமேடையில் அதுதான் என் வித்தை. கடற்கரையிலும் அதையேதான் செய்திருக்கிறேன்! விமானத்தோடு அழகாகத் திரும்பிக்கொண்டே வந்து, பொத்தானை அமுக்கும் அந்த நொடியில் பழக்கதோஷத்தில் நின்றிருக்கிறேன். விமானத்தில் போன பிள்ளை ஒழுங்காகத்தான் போனாள், நின்றது நான்.

"நானா, நீங்க நல்லா இருக்கணும்!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் அந்த ஒரு கோட்டைக் கோணலாக இழுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.

பிரேம் ஆட்டோவுக்குள் படுத்தவாக்கில் நுழையவில்லை. கண்ணாடியைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிப் பின்னால் வைத்து, வெற்றுச் சட்டத்தை மடியில் நிறுத்தி அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் என்னைக் காட்டிச் சிங்களத்தில் எதையோ கேட்டார். இருவரும் சிரித்தார்கள். என்ன என்று என் ஓட்டுநரை விடாமல் நச்சரித்ததில், அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அவர் கேக்குறது, படத்தில உள்ள அம்மா செத்து எத்தின நாள்?" நானும் சிரித்தேன். மாலை போடாதது ஒன்றுதான் பாக்கி.

அன்று மாலை முழுவதும் வெள்ளவத்தைக் கடலோரத்தில் ரயில்களைப் பிடித்தேன். கால் இரண்டையும் தரையில் ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பினேன். ரயில் வருவதற்கு முன்பே திரும்பத் தொடங்கி, பொத்தானை அமுக்கி, ரயில் போன பிறகும் திரும்பிக்கொண்டே இருந்தேன். "முடிஞ்சாலும் போ, முடிஞ்சாலும் போ" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சற்று விலகியே நடந்தார்கள். ஏழாவது ரயிலில் படம் சரியாக விழுந்தது! பெட்டியின் எழுத்துகள் தெளிவு, ஜன்னலோரத்தில் ஒருவர் சாப்பிட்ட கடலைச் சுருள்கூடத் தெளிவு, பின்னால் கடல் முழுவதும் ஒரே ஓட்டம்.

வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லாமல் அதைச் சுமதி முன்னால் வைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இது ஓடுது" என்றாள். கொழும்புத் தமிழ் திரும்பியிருந்தது. "உண்மையா ஓடுற மாதிரிக் கிடக்கு, அக்கா."

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே நானும் தவராசாவும் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுமதி தெர்மோஸும் கையுமாக வந்து நின்றாள். "நான் பாக்க மாட்டன். தேத்தண்ணி குடுக்கத்தான் வாறன்" என்றாள். தவராசா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவள் செருப்பை எடுத்து முன்னால் வைத்தேன். ஏதாவது பேசினால் அவள் மனசு மாறிவிடும்.

இந்தத் தடவை ரயிலை நம்பவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். விமானம் பக்கவாட்டில் கடந்து போகிற மாதிரி, தென்னைகளும் மாடி வீடுகளின் விளக்குகளும் பின்னால் வருகிற மாதிரி இடம் பார்த்து நின்றேன். சுமதி கடலுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்தபடி மணலில் உட்கார்ந்துகொண்டாள். சூரியன் போனது. வானம் மாம்பழ நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறியது. கடல் மேல் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது.

முதல் சுற்று, கூழ். சுமதி ஒரு விரலை மடக்கினாள். சத்தத்தை வைத்து எண்ணுகிறாள்.

இரண்டாவதில் விசிறி வட்டமாக வந்தது, வால் வெட்டுப்பட்டது. மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் மூக்குப் பகுதி இலேசாகக் கலங்கல். நாலாவதில் பழைய பேய் திரும்ப வந்து, மூச்சைப் பிடித்து நின்றுவிட்டேன். என்னையே திட்டிக்கொண்டேன், கொஞ்சம் சத்தமாகவே. "பிள்ளை கேக்கப்போகுது" என்றாள் சுமதி. இருட்டு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நாலு விரல் மடக்கியிருந்தாள்.

ஐந்தாவது சுற்று. வெளிச்சம் கடலில் தெரிந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருந்தேன். விமானம் பெரிதாகி, தலைக்கு மேலே அல்ல, கண்ணுக்கு எதிரே, தென்னை உயரத்தில் வந்தது. அமுக்கினேன். நிற்கவில்லை. விமானம் வீடுகளுக்குப் பின்னால் மறைந்த பிறகும் திரும்பிக்கொண்டே இருந்தேன். கால் பின்னி, மணலில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

திரையைப் பார்த்தேன். வாலிலிருந்த எழுத்து, ஒவ்வொன்றும் தெளிவு. கண்ணாடிக்குள் ஆரணியின் முகம், கருவிகளின் மங்கிய வெளிச்சத்தில் வாயை இறுக்கி, முன்னால் பார்த்தபடி. பின்னால் தென்னையும் விளக்குகளும் மஞ்சள் கோடுகளாகப் பாய்ந்தன. முன்னால் விசிறி, பளபளவென்று ஒரு முழு வட்டம்.

"விழுந்துருச்சு!" என்று கத்தினேன். "விழுந்துருச்சுடி!"

அந்தச் சொல்லை அந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. சுமதி அலறிக்கொண்டு எழுந்தாள். தவராசா அவளைப் பிடித்துக்கொண்டு, "படம்! படம் சரியா விழுந்திட்டுதாம்!" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. அப்புறம் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஃபேன்?" என்றாள்.

"நல்லாப் பாரு."

மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "சுத்துது" என்றாள். "அக்கா, சுத்துதுக்கா."

கடல் பக்கம் மறுபடி உறுமல் கேட்டது. ஆறாவது சுற்று. எனக்குக் கேமரா இல்லை, அது அவள் கையில். சுமதி திரும்பினாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாந்து, வெளிச்சம் பெரிதாகிக் கிட்டே வந்து வீடுகளுக்குப் பின்னால் இறங்கும் வரைக்கும், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். போன பிறகும் அவள் தலை அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. தவராசா தெர்மோஸைத் திறந்து மூடியில் ஊற்றினார். பாதி மணலில் போனது.

ஞாயிறு காலை அவர் ஸ்டூடியோக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி, பெரிதாக அச்சடித்து வாங்கிவந்து பிரேமில் போட்டார். நான் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் ஸ்டூலில் ஏறி மாட்டினார். நானும் ஆரணியும் கீழே நின்று "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது" என்று பாடாய்ப் படுத்தினோம். சுமதி சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். கிட்டே போய், கண்ணாடியின் மேல் அந்த வட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இதில எத்தினை பேர் இருக்கலாம்?"

"ரெண்டு பேர் அம்மா" என்றாள் ஆரணி.

"நீ இஞ்சால இருக்கிறாய். மற்றச் சீற்றில ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. ஏன்?"

"லைசென்ஸ் வந்தவுடன என்னை அதில ஏத்து."

ஆரணி "அம்மா!" என்று பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தவராசா ஸ்டூலில் இருந்தபடியே தள்ளாடி, சுத்தியலைக் கீழே போட்டு, "மச்சாள், எடுங்கோ, இதை எடுங்கோ!" என்று கத்தினார். மூன்று பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கேமராவைத் தூக்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, யாரையும் அசையாமல் நிற்கச் சொல்லாமல் அமுக்கினேன்.